வெளிநாட்டில் இருந்தபடி, வன்னியில் அம்மா அப்பாவின் கலியாண நாளுக்கு ஒரு நாள் பயணம் ஒழுங்கு செய்வது எப்படி

கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கிற பிள்ளைகளுக்கு, ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் கலியாண நாள் வந்தால் முதலில் ஞாபகம் வருவது சேர்ப்பிரைஸ் டெலிவரிதான். கேக், பலூன், வாத்தியம், வீடியோ எல்லாம் கேற்றடிக்கு வரும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு அப்பா சேட்டைக் கழற்றிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவார்.

அதைவிடக் கொஞ்சம் கூடச் செலவழித்தால் இரண்டு பேரையும் ஒரு நாள் வெளியே கூட்டிப்போகலாம். கிளிநொச்சியில் இருந்துகொண்டும் இரணைமடுக் குளத்துப் பக்கம் போய் வருடக்கணக்கான பெற்றோர் நிறையப் பேர். கூட்டிப்போக ஆளில்லை, அவ்வளவுதான். சொந்தக்காரருக்கும் தெரிந்தவர்களுக்கும் இப்படியான பயணங்களை இங்கிருந்து ஒழுங்கு செய்து கொடுத்துவருகிறேன். காசு போதாமல் பயணம் குழம்புவது குறைவு. வேலைகளை ஒழுங்கு மாறிச் செய்வதால் குழம்புவதுதான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள்.

1. எந்த நாள் என்று முதலில் முடிவெடுங்கள்

விவாகப் பதிவுப் பத்திரத்தில் உள்ள திகதியும் தாலி கட்டிய நாளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்றில்லை. இடப்பெயர்வுக் காலத்தில் கலியாணம் செய்தவர்கள் பலர் பிறகுதான் எழுத்து எழுதினார்கள். பத்திரத்தைத் தொலைத்துவிட்டுப் பிரதி எடுத்தவர்களும் உண்டு. "எழுத்து எப்ப, தாலி கட்டினது எப்ப?" என்று அம்மாவிடம் கேளுங்கள். அம்மா சொல்வதுதான் கலியாண நாள்.

அடுத்தது துடக்கு. குடும்பத்தில் செத்தவீடு நடந்து அந்தியேட்டி முடியாமல் இருந்தால் கோயிலுக்குப் போகமாட்டார்கள். நெருங்கிய சாவு என்றால் ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் என்ற பேச்சையே விரும்பமாட்டார்கள். ஊரில் யார் தவறினார்கள் என்பது வெளிநாட்டுக்குச் சில வேளை பிந்தித்தான் வந்து சேரும். ஆகவே வான் பிடிக்க முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

மே மாத நடுப்பகுதியில் கலியாண நாள் வந்தால் தள்ளிப்போடுவதே நல்லது. மே 18ஐ ஒட்டிய கிழமை வன்னியில் நினைவுகூரும் நாட்கள். நவம்பர் கடைசிக் கிழமையும் அப்படித்தான். எங்கள் வீட்டில் யாரையும் இழக்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். பக்கத்து வீட்டிலும் அதற்கடுத்த வீட்டிலும் விளக்கு எரியும்போது உங்கள் வீட்டில் மட்டும் பாட்டுப் போட முடியாது.

வயலையும் பாருங்கள். காலபோக அறுவடை தை, மாசியில் வரும். சிறுபோகம் ஆவணியை ஒட்டி வரும். அறுவடை மெசின் எப்போது தங்கள் வயலுக்கு வரும் என்று காத்திருக்கிற மனுசனை முல்லைத்தீவுக் கடற்கரையில் கொண்டுபோய் இருத்தினால் அவருடைய மனம் வரம்பிலேதான் நிற்கும். ஐப்பசியில் இருந்து மார்கழி வரை மழை. அந்த மாதங்களில் வரும் கலியாண நாளுக்கு மாற்று நாள் ஒன்றையும் கையில் வைத்திருங்கள்.

2. ஊரில் ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள்

பெரும்பாலானோர் இங்கேதான் தடுக்கிவிழுகிறார்கள். வானை மச்சானிடம் சொல்வார்கள், சாப்பாட்டைச் சித்தியிடம் சொல்வார்கள், காசைத் தம்பிக்கு அனுப்புவார்கள். அன்று காலை மூன்று பேரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பார்கள்.

ஒருவர் போதும். அவர் வானில் கூடவே போகிறவராக இருக்கவேண்டும், அம்மா அப்பாவோடு மனந்திறந்து பேசக்கூடியவராகவும் இருக்கவேண்டும். "எனக்கு ஒண்டுக்குப் போகவேணும்" என்று அம்மா கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெறாமகளோ மருமகளோ என்றால் மிக நல்லது. மற்ற எல்லோரும் அவரிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்பதை வட்ஸ்அப் குழுவில் நீங்களே எழுதிவிடுங்கள். அவர் தானாகச் சொன்னால் எடுபடாது.

3. அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

சேர்ப்பிரைஸ் என்று சொல்லாமல் வைத்திருந்து காலை ஆறு மணிக்கு வானை வாசலில் நிறுத்தினால் என்ன நடக்கும் தெரியுமா? அம்மா அன்று விரதமாக இருப்பார். அப்பாவுக்குக் கிளினிக் நாளாக இருக்கும். மாட்டை யார் அவிழ்ப்பது, கோழியை யார் அடைப்பது, வீட்டை யார் பார்ப்பது என்று ஒரு மணி நேரம் போய்விடும். வயதானவர்களுக்குப் பயணம் என்றால் முதல் நாளே மனமும் வயிறும் ஆயத்தமாகவேண்டும்.

ஆகவே மூன்று கிழமைக்கு முன் அம்மாவிடம் சொல்லுங்கள். முதல் பதில் "உந்த வீண் செலவெல்லாம் ஏன் பிள்ளை" என்று வரும். அதை மறுப்பாக எடுக்கவேண்டாம். இரண்டு நாள் கழித்து "அப்ப எந்தச் சீலை கட்டுறது?" என்று கேட்பார். சட்டை தைக்கக் கொடுத்து எடுக்க நாளாகும், அதற்காகவே இந்த மூன்று கிழமை. புதுச் சீலை அனுப்புவதென்றால் அதற்கும் முன்னதாக அனுப்பவேண்டும்.

எதையாவது ஒளித்துவைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சின்ன விசயத்தை மட்டும் ஒளித்துவையுங்கள். கலியாணத்துக்குத் தோழனாக நின்றவர் உயிரோடு இருந்தால் அவரை வழியில் ஒரு இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். கேக்கைவிட அது நன்றாக வேலைசெய்யும்.

4. வானில் யார் யார்

வான் பெரிது என்று ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனால் அது கோயில் திருவிழாப் பயணமாகிவிடும். அம்மா பின் இருக்கையில் பேரப்பிள்ளைகளுக்கு வாந்திப் பை பிடித்துக்கொண்டு வருவார்.

அம்மா, அப்பா, பொறுப்பாளர், அவருக்கு உதவியாக இன்னும் ஒருவர், இரண்டு பேருக்கும் பிடித்த ஓரிருவர். ஆறு ஏழு பேருக்கு மேல் வேண்டாம். விட்டுப்போன சொந்தங்கள் மனம் நோகாமல் இருக்க ஒரு வழி உண்டு. போகும் வழியில் இருக்கிற ஒரு வீட்டை இறங்கும் இடமாக வையுங்கள். கழிப்பறைத் தேவையும் முடியும், முறையும் செய்ததாகும். ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள், ஒவ்வொரு தேத்தண்ணியும் ஒரு மணி நேரம்.

5. பாதையை அவர்களிடம் கேட்டுத் தீர்மானியுங்கள்

வரைபடத்தைப் பார்த்து நீங்கள் ஆறு இடம் குறிப்பீர்கள். வன்னி பரந்த நிலம், வெயிலும் கடுமை. கோயில் ஒன்று, தண்ணீர் ஒன்று, சாப்பாடு ஒன்று என மூன்று இடம் போதும்.

*கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு:* ஏ9 வீதியில் இரணைமடுச் சந்தியால் உள்ளே போனால் குளமும் பக்கத்தில் கனகாம்பிகை அம்பாள் கோயிலும் வரும். காலைப் பூசைக்குப் போய்விட்டு, வெயில் ஏற முன் குளக்கட்டில் காற்று வாங்கலாம். மத்தியானம் சாப்பிட்டு ஓய்வெடுத்தபின் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பலாம். தூரம் குறைவு. முழங்கால் வருத்தம், சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல பாதை இல்லை. மழைக்காலத்தில் குளத்தின் வான்கதவு திறந்தால் ஊரே பார்க்கப் போகும். அந்த நெரிசலுக்குள் வயதானவர்களை இறக்கவேண்டாம்.

*முல்லைத்தீவுப் பக்கம்:* இங்கே இரண்டு வழி. மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போவது ஏ34. பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாகப் போவது ஏ35. இரண்டும் சுமார் 50 கிலோமீற்றர். கிளிநொச்சியில் இருந்து பரந்தன் கிட்ட என்பதால் சாரதி ஏ35ஐத்தான் பிடிப்பார். அந்த வீதி முள்ளிவாய்க்காலுக்குள்ளால் போய் வட்டுவாகல் பாலத்தில் ஏறும். 2009இல் போரின் கடைசி நாட்களில் அந்தப் பாலத்தால் நடந்துவந்தவர்களுக்கு அது வெறும் பாதை இல்லை. சிலர் போகவேண்டும், இறங்கி நிற்கவேண்டும் என்பார்கள். சிலர் அன்றைக்கு வேண்டாம் என்பார்கள். இரண்டில் எதுவும் பிழையில்லை. ஆனால் வான் அங்கே போன பிறகு கேட்பது பிழை. பொறுப்பாளர் முதலே தனியாகக் கேட்கவேண்டும், சாரதிக்கும் சொல்லிவைக்கவேண்டும்.

ஏ34ஆல் போனால் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில் வழியிலேயே இருக்கிறது. நேரம் இருந்தால் முத்தையன்கட்டுக் குளம் பக்கத்தில்தான். வற்றாப்பளை அம்மனிடம் போவதென்றால் வைகாசிப் பொங்கல் காலத்தைத் தவிருங்கள். அந்தச் சனத்துக்குள் உங்கள் அம்மாவுக்கு அம்மன் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். மற்ற நாட்களில் நந்திக்கடல் காற்றோடு ஆறுதலாகக் கும்பிடலாம்.

முல்லைத்தீவுக் கடல் கிழக்கைப் பார்த்தது. கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் படம் எடுத்து அனுப்பு என்று டொரன்டோவில் இருந்து கேட்டால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. பின்னேரம் வெயில் முதுகுப் பக்கமாகச் சாயும், மணல் சூடு தணியும். நாலரைக்குப் போனால் சரி. கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அலைக்கு இழுவை உண்டு, வாடைக்காற்றுக் காலத்தில் இன்னும் மோசம்.

*வவுனியா, மன்னார்ப் பக்கம்:* கத்தோலிக்கக் குடும்பம் என்றால் மடு மாதா. கலியாண நாளுக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்க விரும்பினால் ஆலயத்தில் முன்கூட்டியே பேசவேண்டும். யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக் காலங்களில் வேண்டாம், மற்ற நாட்களில் மரநிழலும் அமைதியும் தாராளம். சைவக் குடும்பம் என்றால் திருக்கேதீஸ்வரம், பாலாவி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் என்பதால், தேவாரம் தெரிந்த அப்பாவாக இருந்தால் வாய்விட்டுப் படிப்பார். வவுனியாவில் இருந்து இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். முல்லைத்தீவில் இருந்து ஒரு நாளுக்குள் ஓடிப்போய் ஓடிவர நினைக்கவேண்டாம். இடங்களைப் பார்த்த நேரத்தைவிட வானுக்குள் இருந்த நேரம்தான் கூடவாக இருக்கும்.

எந்தப் பாதை என்றாலும் காட்டுப்பகுதிகளை மைம்மலுக்கு முன் கடந்துவிடவேண்டும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. இருட்டினால் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் யானையைவிடப் பெரிய பிரச்சினை. வெளிநாட்டில் இருந்து பேரப்பிள்ளைகள் யாராவது வந்து கூடப்போனால், வழியில் பற்றைக்குள் இறங்க விடாதீர்கள். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருக்கும். ஊர் ஆட்களுக்கு அது தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது.

6. வான் பேசுவது

கிலோமீற்றர் கணக்கா, நாள் கணக்கா என்று முதலில் கேளுங்கள். கிலோமீற்றர் என்றால் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று கேளுங்கள். சாரதியின் வீட்டில் இருந்து என்றால், அவர் தூரத்தில் இருக்கும்போது தொகை ஏறும். காத்திருக்கும் நேரத்துக்குத் தனிக் காசா என்பதையும் கேட்கவேண்டும். இந்த மூன்றையும் குரல் பதிவாக இல்லாமல் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஏறும் படி எவ்வளவு உயரம் என்று பொறுப்பாளர் நேரில் பார்க்கவேண்டும். முழங்கால் மடிக்க முடியாத அம்மாவுக்கு உயரமான வானைவிடக் கார்தான் வசதி. ஆட்கள் கூட என்றால் ஒரு சின்ன முக்காலியை உள்ளே போட்டுவிடுங்கள்.

சாரதி குடும்பத்தோடு ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். மருமகன்மார் இருக்கைக்குக் கீழே போத்தல் கொண்டுவருவதும் வழமைதான். சாரதிக்கு ஒரு மூடிகூட ஊற்றக்கூடாது என்பதைப் பொறுப்பாளருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

7. சாப்பாடு

கோயில் முதலில், மச்சம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றினால் அம்மா கோயில் வாசலிலேயே நின்றுவிடுவார். கடைசியாகப் போவது கோயில் என்றால் மத்தியானம் மரக்கறிதான். கலியாண நாள் வெள்ளியில் வந்தாலும் மரக்கறிதான். கந்தசஷ்டி, கௌரி விரத நாட்களில் வந்தால் சாப்பாட்டுத் திட்டத்தையே மாற்றவேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழை, சோறு கறியை அம்மாவே சமைத்துக் கட்டிக்கொண்டு போவது. "கடைச் சாப்பாடு இவருக்குச் சரிவராது" என்பார். அப்படி விட்டால் தன்னுடைய கலியாண நாளில் விடிய மூன்று மணிக்கு எழும்பித் தேங்காய் திருவுவார். ஊரில் ஓடருக்குச் சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்குத் தெரிந்த, கைப்பக்குவம் பிடித்த ஒருவரிடம் சொல்லுங்கள். உப்பும் தூளும் எவ்வளவு என்பதை அம்மாவே சொல்லிவிடட்டும், அதோடு அவர் வேலை முடிந்தது.

முல்லைத்தீவுப் பாதையில் நண்டு, இறால், கணவாய் சமைத்துத்தரும் இடங்கள் கிடைக்கும். அங்கேயும் முதல் நாளே சொல்லிவைத்தால்தான் நல்லதாக எடுத்துவைப்பார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அம்மாச்சி உணவகம் நல்லது. குரக்கன் புட்டு போன்றவை சீனி வருத்தக்காரருக்கும் ஒத்துக்கொள்ளும்.

கேக்கை வானில் ஏற்றாதீர்கள். பத்து மணி வெயிலுக்கே கிறீம் வழிந்துவிடும். வெட்டுவதென்றால் வீடு திரும்பியபின் இரவு வெட்டலாம். விரத நாளில் முட்டை சேராத கேக் சொல்லவேண்டும்.

8. காசு

பெறுபவரின் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கவேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் திண்டாடுபவர்கள் அதிகம். ஒரு கிழமைக்கு முன் அனுப்புங்கள். இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறை வருகிறதா என்றும் பாருங்கள்.

வான், சாப்பாடு, கோயில் மூன்றுக்கும் தனித்தனியாகத் தொகை எழுதி, அவசரத்துக்கென்று கொஞ்சம் மேலதிகமாக வையுங்கள். அப்பாவின் கையிலும் ஒரு தொகை கொடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் காசில் இன்னொருவர் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க, தான் சும்மா நிற்பது அவருக்கு ஒரு மாதிரி இருக்கும். அருச்சனைச் சிட்டையும் கச்சானும் அவரே வாங்கட்டும்.

9. அன்றைய நாள், மணிப்படி

ஏ34ஆல் போகும் முல்லைத்தீவுப் பாதையை வைத்து ஒரு மாதிரி தருகிறேன்.

5.30: தேத்தண்ணி, மாத்திரை. மத்தியான மாத்திரையைப் பொறுப்பாளரின் பையில் போடவேண்டும். அருச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் எழுதிய துண்டும் அதே பையில்.

6.30: புறப்பாடு. வெயிலுக்கு முன் பாதித் தூரம் போய்விடலாம். வீட்டைப் பார்க்கும் அயலவரிடம் சாவி.

8.30: கோயில். அப்பாவுக்கு வேட்டி, கழற்ற இலகுவான சேட். மத்தியானப் பூசைக்குப் பின் நடை சாத்தினால் பின்னேரம்தான் திறப்பார்கள், அதனால்தான் கோயிலைக் காலையில் வைப்பது.

10.30: சொந்தக்காரர் வீடு. கழிப்பறை, தேத்தண்ணி.

12.30: சாப்பாடு. அதன்பின் பாயோ கட்டிலோ ஒன்று கட்டாயம் வேண்டும். நாலு மணிவரை ஒன்றும் செய்யாதீர்கள். வெளிநாட்டில் இருந்து திட்டம் போடுபவர்கள் இந்த மூன்று மணி நேரத்தை வீண் என்று நினைத்து ஒரு இடத்தைச் செருகுவார்கள். அதற்குப்பிறகு கடற்கரையில் இரண்டு பேரும் வாடிப்போய் இருப்பார்கள்.

4.30: கடற்கரை. 5.00 மணிக்கு வீடியோ அழைப்பு. ஏன் ஐந்து மணி? கோடை நேரக் கணக்கில் அப்போது டொரன்டோவில் காலை 7.30, லண்டனில் மத்தியானம் 12.30, சுவிஸில் 1.30, மெல்பேணில் இரவு 9.30. நான்கு நாட்டுப் பிள்ளைகளும் விழித்திருக்கும் நேரம் அது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் குளிர்காலம் என்றால் அங்கே ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளுங்கள், மெல்பேணில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். காட்டுப்பகுதிகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வானில் போகும்போது அழைக்கவேண்டாம். வெவ்வேறு வலையமைப்பில் இரண்டு போன் இருந்தால் நல்லது, டேட்டா நிரப்புவதை நீங்களே அங்கிருந்து செய்துவிடலாம்.

அழைப்பு பத்து நிமிடம் போதும். "அம்மா இங்கால பாருங்கோ, அப்பாவின்ர தோளில கை போடுங்கோ" என்று ஆளுக்கு ஆள் கட்டளையிடாதீர்கள். அந்த வயதில் ஆட்களுக்கு முன்னால் அது கூச்சம். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை, பின்னால் நின்று பொறுப்பாளர் ஒரு படம் எடுத்தால் அது போதும்.

5.20: திரும்பல். சூரியன் ஆறு, ஆறரைக்குள் மறைந்துவிடும். அதற்கு முன் மாங்குளத்துக்குக் கிட்டவாவது வந்துவிடவேண்டும்.

8.00: வீடு. கேக் இருந்தால் இப்போது. இல்லையென்றால் சுடுதண்ணீரும் படுக்கையும்.

10. அடுத்த நாட்களில்

பொறுப்பாளரிடம் கணக்குக் கேட்க முன் நன்றி சொல்லுங்கள். மிஞ்சிய காசைத் திருப்பி வாங்காதீர்கள், அடுத்த முறையும் அவர்தான் வேண்டும்.

படங்களை வட்ஸ்அப்பில் மட்டும் விடாமல், நல்லதாக இரண்டு மூன்றை ஊரிலுள்ள ஸ்ரூடியோவில் பிரதி எடுத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். அப்பாவின் போனில் அவை அடுத்த நல்லநேரச் செய்தி வந்தவுடன் மேலே போய்விடும். கலியாணப் படத்தை இடப்பெயர்வில் தொலைத்த வீடுகள் இங்கே நிறைய. அப்படியான வீடென்றால் சுவரில் அளவாக ஒரு இடம் பார்த்து, சட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகவே சொல்லுங்கள்.